பள்ளி இலச்சினைகளும் இல்லச் சின்னங்களும்

போர்க்களத்தில் எவர் எப்படையினர் என்று அறிதற்பொருட்டுச் சேரர் பனம்பூவையும், பாண்டியர் வேப்பம்பூவையும், சோழர் ஆத்திப்பூவையும் சூடினர் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். ஐரோப்பியப் பெருவீரர் 12ஆம் நூற்றாண்டு முதல் தம் கேடயங்களில் குலச்சின்னம் தீட்டியதற்கும் இதுவே காரணம். இரும்புக் கவசத்துள் முகம் மறைந்தவனைக் கேடயமே காட்டிக்கொடுத்தது. பின்னாளில் போர்முறை மாறிற்று. கேடயம் மட்டும் பள்ளிச் சட்டைப்பையின்மேல் வந்து அமர்ந்தது.

‘இல்லம்’ என்னும் பெயர்க்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் மாணவர் உண்டு உறங்கிய வீடுகளே இல்லங்களாம். அம்முறை மலாயாவின் பகற்பள்ளிகளுக்கு வந்தபோது வீடு வரவில்லை. பெயரும் நிறமுமே வந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று விளையாட்டு நாளில் பிள்ளைகள் பிரிந்து நிற்பது அதன் எச்சமே.

ரெம்பாவ் வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் சிரம்பானில் உள்ளன. செயிண்ட் பால் பள்ளி லசால் சகோதரர் மரபைச் சார்ந்தது. கான்வென்ட் பள்ளி குழந்தை இயேசு கன்னியர் மரபைச் சார்ந்தது. இவ்விரு சபையாரும் 1852ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக்கு வந்தனர். அவர்தம் இலச்சினைகளைக் கூர்ந்து நோக்குதல் தகும்.

லசால் சபையின் அடையாளம் ஒளிவீசும் விண்மீன். அதன்கீழ் ‘நம்பிக்கையின் அடையாளம்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் உண்டு. இது 1751இல் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னர் இருந்த முத்திரையில், தூய சூசையப்பர் குழந்தை இயேசுவைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் காட்சி இருந்தது. ஆசிரியத் தொழிலுக்கு விண்மீனைவிட அதுவே பொருத்தமானது என்று கருதுவாரும் உளர். உலகின் பல லசால் பள்ளிச் சின்னங்களில் வேறொன்றும் காணப்படும்: கூரைமுகடு போல வளைந்து, நடுவே முறிந்த மூன்று பட்டைகள். லசால் குடும்பத்து மூதாதை ஒருவன் 9ஆம் நூற்றாண்டில் எசுப்பானியப் போரில் கால்கள் முறிபட்டான் என்றும், அம்முறிவையே குடும்பம் பெருமையாகக் கேடயத்தில் ஏற்றியது என்றும் வழிவழிச் செய்தி உண்டு. வெற்றியைப் பொறிப்பது எங்கும் உள்ள வழக்கம். பட்ட காயத்தைப் பொறிப்பது அரிது.

அக்குடும்பத்திற் பிறந்த ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் (1651–1719) செல்வத்தைத் துறந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். நாட்டுப்புற ஆசிரியர்க்கெனப் பயிற்சிக்கூடம் கண்டவர். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரால் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர். எல்லாவற்றினும் தமிழாசிரியர் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அக்காலப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகள் இலத்தீனிலேயே முதலில் வாசிக்கக் கற்றனர். அதனை மறுத்துத் தாய்மொழியாம் பிரெஞ்சிலேயே வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்றார் லசால். சார்த்ர் நகர ஆயர் ஐயுற்றபோது காரணங்களை எழுத்தில் அடுக்கினார். சிறிது காலமே பள்ளியில் இருக்கும் ஏழைப்பிள்ளை, புரியாத மொழியில் அக்காலத்தைக் கழித்தால் எதுவும் கல்லாமலே வெளியேறும் என்பது அவற்றுள் தலையாயது. அவருடைய விண்மீனைத் தாங்கிய மலாயாப் பள்ளிகள் ஆங்கிலத்தில் கற்பித்தன. 1970 முதல் படிப்படியாக மலாய்க்கு மாறின. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பின் வழியே இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளையின் நெஞ்சருகே அச்சின்னம் குத்தப்படுகையில், அதன் பொருளை அதற்குச் சொல்வார் யார்?

கன்னியரின் இலச்சினை பெண்மைக்கு உரியது. வெண்மலர் எளிமையைக் குறிக்கும்; திறந்த நூலும் செபமாலையும் இறைப்பற்றைக் குறிக்கும்; நூல் நூற்கும் கதிரும் தக்கிளியும் உழைப்பைக் குறிக்கும். எளிமையாய் நற்பண்பு, உறுதியாய்க் கடமை என்பது அதன் குறிக்கோளுரை. விடியுமுன் பால்மரம் சீவப் புறப்படும் தாய்க்குப் பிறந்த மகளுக்குக் கதிரும் தக்கிளியும் விளங்காமற் போகா.

நெகிரி செம்பிலான் கொடியே ஒரு நல்ல பாடமாகும். மஞ்சள் மாநில ஆட்சியாளரையும், கருமை ரெம்பாவ் உள்ளிட்ட பகுதிகளின் உண்டாங் தலைவர்களையும், செம்மை மக்களையும் குறிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் அங்கே ஒரு பொருள் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் வள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரதி என இல்லங்களுக்குப் பெயர் இருந்தும், திடலில் ‘மஞ்சள் ஓடுகிறது, பச்சை முந்துகிறது’ என்ற முழக்கமே கேட்கிறது. பெயரும் நிறமும் ஒன்றையொன்று அறியா.

மூவேந்தர் பூக்களை இல்லச் சின்னங்களாக்கினால் இக்குறை நீங்கும். வேம்பு தோட்டக் கோயில்தோறும் நிற்கிறது; மரத்தைக் காட்டியே பாடம் நடத்தலாம். பூக்கள் மூன்று, இல்லங்கள் நான்கு என்று கணக்காசிரியர் தடை எழுப்பக்கூடும். நான்காவது இல்லத்துக்கு, 1960இல் நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட செம்பருத்தி வேலியோரம் பூத்திருக்கிறது.