என் உலாவி எது? ஏன்? – தமிழ் எழுத்து திரைக்கு வந்த வரலாறு



"பிள்ளைக்குக் கணினி வாங்கிவிட்டோம். இணையம் பார்க்க எந்த உலாவியை வைத்துக்கொள்வது ஐயா?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. என் விடை ஒரே சொல்தான்: நெருப்புநரி. அதாவது, பயர்பாக்ஸ். ஆனால், அதற்கான காரணம் ஒரு சொல்லில் அடங்குவதில்லை. வேகத்தையும் அழகையும் காட்டி உலாவியைப் பரிந்துரைப்போர் பலர். நானோ ஒரு தமிழாசிரியன். தமிழ் எழுத்தை அந்த உலாவி எப்படி நடத்தியது என்பதே எனக்கு முதற்கேள்வி. அதற்கு விடைகாண, ஏறத்தாழ முப்பதாண்டு வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

கப்பலும் வடமும்

நான் வாழும் தஞ்சோங் கிளிங், மலாக்கா நகருக்கு வடமேற்கே நீரிணையைப் பார்த்தவாறு அமைந்த ஊர். 'தஞ்சோங்' என்பது மலாய்மொழியில் கடலுக்குள் நீண்ட நிலமுனையைக் குறிக்கும். 'கிளிங்' என்பது தென்னிந்தியரைக் குறித்த பழம்பெயர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். இன்று ஒருவரை நோக்கி அச்சொல்லைச் சொன்னால் அது இழிசொல். ஊர்ப்பெயரில் மட்டும் பழைய கடல்வணிகத்தின் தடமாக அது நிலைத்துவிட்டது.

பருவக்காற்றை நம்பித் தமிழ் வணிகர் வந்த அதே கடலின் அடியில், 2005ஆம் ஆண்டின் இறுதியில் சீ-மீ-வீ 4 என்னும் ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. மலாக்கா, சென்னை, கொழும்பு மூன்றும் அவ்வடத்தின் கரையேறு இடங்களில் அடங்கும். ஆனால், வடம் இருந்தால் மட்டும் தமிழ் வந்து சேர்ந்துவிடாது. வடம் கொண்டுவருவது வெறும் எண்களையே. அவ்வெண்களை எழுத்தாக்கிக் கண்முன் காட்டுவது உலாவியின் வேலை. கப்பல் கரைசேர்ந்தும் சரக்கு சிதைந்திருந்தால் வணிகனுக்குப் பயன் என்ன? தொடக்கக் காலத் தமிழ் இணையத்தின் நிலை இதுவேதான்.

எழுத்துரு இல்லையேல் எழுத்து இல்லை

திம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை உருவாக்கினார். 1993இல் மொசைக், 1994இல் நெட்ஸ்கேப், 1995இல் மைக்ரோசாப்டின் எக்ஸ்புளோரர் என அடுத்தடுத்து உலாவிகள் வந்தன. இவற்றுள் எதுவும் தமிழை எண்ணிச் செய்யப்பட்டதன்று.

இருந்தும் நம்மவர் காத்திருக்கவில்லை. 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக்காட்டினார். அவர் கணினி நிறுவனம் நடத்தியவர் அல்லர். எழுத்தாளர், தமிழ் கற்பித்த விரிவுரையாளர். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். தமிழ்க் கணிமையின் தொடக்க வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பங்கை நம் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும்.

அந்நாளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்யப்பட்டன. ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால், தமிழ்ப்பக்கம் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும். திஸ்கி முறையில் அமைந்த பக்கத்தைப் படிக்க வேண்டுமானால், எழுத்துருவை இறக்கி நிறுவி, உலாவியின் அமைப்பில் குறிமுறையையும் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தொல்லையைத் தீர்க்க 1997 வாக்கில் 'இயங்கு எழுத்துரு' வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவிடும். ஆனால், நெட்ஸ்கேப் 4 ஒரு வகைக் கோப்பையும், எக்ஸ்புளோரர் 4 வேறு வகைக் கோப்பையும் ஏற்றன. தமிழ்த்தளம் நடத்துவோர் இரண்டையும் செய்துவைக்க வேண்டியிருந்தது. அன்றேல், ஓர் உலாவியைக் கைவிட வேண்டியிருந்தது. 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 6, தன் முந்தைய பதிப்பின் இயங்கு எழுத்துருவுக்கான ஆதரவையே விட்டுவிட்டது. உலாவியை உருவாக்குவோர் எடுத்த ஒரு முடிவினால், அதனை நம்பிச் செய்யப்பட்ட தமிழ்ப்பக்கங்கள் படிக்க இயலாதவையாயின. நம் எழுத்தின் வாழ்வு பிறர் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒருங்குறி வந்த பின்

யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும், அதைத் திரையில் சரியாகக் காட்டும் வசதி பரவலாகப் பத்தாண்டுகள் பிடித்தன. காரணம் எளியது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 128 இடங்களே. அவற்றுள்ளும் பல வெற்றிடங்கள். ஆகவே, நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடமில்லை. 'கொ' என்று எழுதினால் கணினி சேமிப்பது ககரத்தையும் ஒகரக் குறியையும். அக்குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக்கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் இட்டுக்காட்டும் அறிவு மென்பொருளுக்கு வேண்டும்.

விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவோடு அவ்வறிவையும் கொண்டு வந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியும் எக்ஸ்புளோரர் 6உம் வந்தன. அதே ஆண்டு ஆகத்து மாதம் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழில் வலைப்பதிவுகளும் பெருகின. ஒருங்குறி, தமிழின் பொதுக் குறிமுறையாக மெல்ல வேரூன்றியது.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த ஆண்டுகளில் தமிழ் படிப்பதற்கு எக்ஸ்புளோரரே எளிதாக இருந்தது. விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் உலகில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதையே பயன்படுத்தினர். ஆனால், போட்டியாளர் இல்லாத வணிகன் கடையைத் திருத்துவானா? 2001இல் வந்த ஆறாம் பதிப்புக்கு அடுத்த பதிப்பு 2006இல்தான் வந்தது. ஐந்தாண்டுக் காலம் உலகமே ஒரே உலாவியோடு தேங்கி நின்றது.

நெருப்புநரியின் குறையும் நிறையும்

1998இல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லாத் திட்டம் பிறந்தது. 2003இல் இலாபநோக்கற்ற அறக்கட்டளையாக அது அமைந்தது. 2004 நவம்பர் 9ஆம் நாள் நெருப்புநரியின் முதற்பதிப்பு வெளிவந்தது.

அது தமிழைக் குறையின்றிக் காட்டியதா? இல்லை. எக்ஸ்பி கணினிகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் நெருப்புநரியில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதன் பின்னும் இன்னொரு தொல்லை இருந்தது. பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கி அமைத்த பக்கங்களில், உயிர்மெய்க் குறிகள் தத்தம் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முதலாம் ஆண்டு மாணவன் முன் அத்தகைய பக்கத்தை வைக்க எந்த ஆசிரியர் துணிவார்?

இக்குறை பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. 2008 சூன் 17ஆம் நாள் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் எழுத்துகளை வரையும் பகுதியே புதிதாக எழுதப்பட்டு, அத்தொல்லை நீங்கியது. அப்பதிப்பை ஒரே நாளில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவிறக்கினர். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவாகியது. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட, பிரிந்துகிடந்த கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு சேர்ந்ததே பெரிய செய்தி.

என் முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது. குறையே இல்லாதது என்பதற்காக நான் நெருப்புநரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், பதிவு செய்யலாம், வல்லவர் திருத்தியும் கொடுக்கலாம். மூடிய பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில், உரியவர் மனம் வைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர நமக்கு வழியில்லை.

தமிழில் பேசும் உலாவி

இரண்டாவது காரணம் மொழி. உலாவியின் பட்டிகளும் பொத்தான்களும் தமிழில் இருக்க முடியும் என்பதைத் தன்னார்வலர்களே முதலில் காட்டினர். எ-கலப்பை என்னும் தட்டச்சு மென்பொருளை இலவயமாக வழங்கிய 'தமிழா' குழுவினர், முகுந்தராசு முன்னின்று நடத்த, மொசில்லாவைத் தமிழாக்கும் பணியிலும் இறங்கினர். எவரும் ஊதியம் கொடுத்து ஏவிய வேலையன்று அது. பின்னர் நெருப்புநரியே தமிழில் வெளிவரலாயிற்று. இன்றும் தமிழில் கிடைக்கிறது.

"கூகுள் குரோமும் தமிழில் கிடைக்கிறதே!" என்று கேட்பீர்கள். உண்மைதான். வேறுபாடு, சொற்களை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நெருப்புநரியின் மொழிபெயர்ப்பு, மொசில்லாவின் பாண்டூன் என்னும் பொதுத்தளத்தில் தன்னார்வலர்களால் நடைபெறுகிறது. 'டேப்' என்பதற்குக் கீற்று என்பதா, தாவல் என்பதா? 'புக்மார்க்' என்பதற்குப் புத்தகக்குறி என்பதா, நூற்குறி என்பதா? தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் ஓர் ஆசிரியரும் அங்கே கணக்குத் தொடங்கித் தம் பரிந்துரையை முன்வைக்கலாம். நம் மாணவர் நாள்தோறும் பார்க்கும் சொற்களை உருவாக்குவதில் நமக்கும் இடமுண்டு. ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்றைய நிலை

இன்று காலம் மாறிவிட்டது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் உலகின் முதன்மை உலாவியாகிவிட்டது. எக்ஸ்புளோரரை மைக்ரோசாப்டு 2022 சூன் 15ஆம் நாள் ஓய்வுபெறச் செய்தது. ஆப்பிள் கணினிகளில் 2000களின் நடுப்பகுதியிலேயே இடம்பிடித்த இணைமதி, முத்து நெடுமாறன் வடித்த தமிழ் எழுத்துரு. இன்று எந்த உலாவியைத் திறந்தாலும் தமிழ் செம்மையாகவே தெரிகிறது. அப்படியிருக்க, இன்னும் ஏன் தேர்வு?

பெயர்கள் பலவாயினும் உள்ளே இருக்கும் பொறிகள் சிலவே. 2013 முதல் ஓப்பெராவும் 2020 முதல் எட்சும் குரோமின் பொறியையே பயன்படுத்துகின்றன. ஆப்பிளின் சபாரியையும் நெருப்புநரியையும் விட்டால் வேறு பொறிகள் பெரும்பயன்பாட்டில் இல்லை. எக்ஸ்புளோரர் தனித்து நின்ற அந்த ஐந்தாண்டுத் தேக்கத்தை நினைவுகூர்ந்தால், ஒரே பொறியிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதன் ஆபத்து விளங்கும்.

நெருப்புநரியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வேன். இன்று அதைப் பயன்படுத்துவோர் தொகை மிகச் சிறுத்துவிட்டது. மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, தேடுபொறி உடன்பாட்டின் வழியாகக் கூகுளிடமிருந்தே வருகிறது. போட்டியாளர் தரும் பணத்தில் வாழும் நிலை மகிழ்ச்சிக்குரியதன்று. ஆதரிப்போர் குறையக் குறைய, தமிழாக்கம் செய்யும் கைகளும் குறையும். பிறகு ஒரு நாள் தமிழ்ப் பதிப்பும் நின்றுபோகலாம். பயன்படுத்துவோர் இருந்தால்தான் எதுவும் வாழும் என்பது மொழிக்கும் பொருந்தும், மென்பொருளுக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டுக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் நெருப்புநரியை நிறுவி, அதன் அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றிப் பாருங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

2. தமிழ்ச்சொல் எதுவும் மாணவருக்கு விளங்கவில்லையெனில் குறித்துவைத்துப் பரிந்துரையாக அனுப்புங்கள். வகுப்பறைப் பட்டறிவு மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பேருதவி.

3. வேறு உலாவியே பிடித்திருக்கிறதா? தவறில்லை. ஆனால், கணினியோடு வந்தது என்பதற்காக மட்டும் அதை ஏற்காமல், காரணம் கண்டு தேர்ந்தெடுங்கள்.

'கொ' என்னும் ஓர் எழுத்து சிதையாமல் திரைக்கு வந்துசேர எத்தனை பேர் உழைத்திருக்கின்றனர்! அவர்களுள் ஆசிரியரும் இருந்தனர், மலேசியரும் இருந்தனர். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எந்த உலாவி வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

வாழ்க தமிழ்!