மற்ற விருந்தினர் விரும்பமாட்டார்களாம்!

அரண்மனைக்குள் நுழையப் பிறப்பு வேண்டும். ஆடம்பர விடுதிக்குள் நுழையப் பணம் போதும். பல நாள் நாம் இப்படித்தான் எண்ணியிருந்தோம். பணம் பொல்லாதது என்றாலும், குலம் கோத்திரம் கேட்காதது அல்லவா? நாணயத்துக்குச் சாதி இல்லை, மதம் இல்லை, நிறம் இல்லை. கட்டணம் செலுத்தியவன் எவனாயினும் அறை பெறுவான். அந்த அளவிலேனும் விடுதி என்பது அரண்மனையைவிட ஒரு படி முன்னேற்றந்தான் என்று கருதினோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான், அந்த எண்ணம் எவ்வளவு அவசரமானது என்பது விளங்கிற்று.

இங்கிலாந்தில் ஒரு பழஞ்சட்டம் இருந்தது. வழிப்போக்கன் ஒருவன் விடுதிக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இடம் இருக்கிறது. அவன் கட்டணம் தர ஆயத்தமாயிருக்கிறான். தகுந்த நிலையிலும் இருக்கிறான். அப்படியானால் விடுதிக்காரர் அவனை ஏற்றேயாக வேண்டும். தக்க காரணமின்றி மறுப்பது சட்டத்துக்கு மாறானது. ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு இரவில் கூரை மறுக்கப்படலாகாது என்பதே அதன் கருத்து. எளிய கருத்து, ஆனால் உயர்ந்த கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயிலும் நீராவிக் கப்பலும் பெருகின. மக்கள் கூட்டம் கூட்டமாகப் பயணம் புறப்பட்டனர். சாலையோரச் சத்திரங்கள் இருந்த உலகில் மாளிகை விடுதிகள் எழுந்தன. 1889-இல் இலண்டனில் சவாய், 1898-இல் பாரிசில் ரிட்ஸ் என அரண்மனைகளை நாணவைக்கும் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அங்கே பரம்பரைப் பிரபுவும், நேற்றுப் பணம் திரட்டிய வணிகனும் ஒரே கூடத்தில் உணவருந்தினர். அங்கேதான் வந்தது சங்கடம்! 'என்னிடம் இருக்கும் பணம் அவனிடமும் இருக்கிறதே, பிறகு நான் எதில் உயர்ந்தவன்?' என்ற கேள்வி மேட்டுக்குடியின் நெஞ்சைக் குடைந்தது. பணம் ஒரு வேலியைத் தகர்த்தது; மேட்டிமைத்தனம் வேறு வேலிகளைத் தேடிற்று.

அந்த வேலி எப்படி எழுந்தது என்பதை அமெரிக்கா காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தில் சரட்டோகா என்பது ஊற்றுநீருக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் பெயர்பெற்ற கோடை வாசத்தலம். அங்கே கிராண்ட் யூனியன் என்றொரு மாபெரும் விடுதி இருந்தது. 1877-ஆம் ஆண்டு கோடையில் ஜோசப் செலிக்மன் என்பார் தம் குடும்பத்துடன் அங்கே தங்கச் சென்றார். யார் இந்தச் செலிக்மன்? பவேரியாவில் பிறந்து, பதின்வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறி, தோளில் மூட்டை சுமந்து ஊர் ஊராகப் பண்டம் விற்று, பின்னர் பெரும் வங்கியாளராக உயர்ந்தவர். அடிமை முறையை ஒழிப்பதில் முடிந்த அந்த உள்நாட்டுப் போரின்போது, வடபகுதி அரசின் கடன் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்று உதவியவர். முந்தைய ஆண்டுகளில் அதே விடுதியில் தங்கியவருங்கூட.

ஆனால் அந்த ஆண்டு அவருக்கு இடம் இல்லை என்றனர். காரணம், அவர் யூதர். விடுதியை அப்போது தம் பொறுப்பில் வைத்திருந்த ஹென்றி ஹில்டன் சொன்ன விளக்கம் கவனிக்கத்தக்கது. யூதர்கள் தங்குவதால் மற்ற விருந்தினர் வரத் தயங்குகின்றனர், வியாபாரம் குறைகிறது என்பதே அது. வெறுப்பு என்று அவர் சொல்லவில்லை, வியாபாரம் என்றார்! நாடெங்கும் பத்திரிகைகள் இதைப் பேசின. ஹென்றி வார்ட் பீச்சர் என்ற புகழ்பெற்ற கிறித்தவப் போதகர் தம் மேடையிலிருந்தே கண்டித்தார். ஹில்டன் பொறுப்பிலிருந்த அங்காடியைப் புறக்கணிக்கும் கிளர்ச்சியும் எழுந்தது. கண்டனம் எழுந்ததே ஒழிய நோய் ஒழியவில்லை. அதன்பின் அமெரிக்காவின் பல கோடை விடுதிகள் யூதருக்கு இடமில்லை என்பதை வெளிப்படையாகவே அறிவிக்கலாயின.

அறுபத்தாறு ஆண்டுகள் உருண்டன. இப்போது நாம் இலண்டனுக்கு வருகிறோம். வழிப்போக்கனை ஏற்றேயாக வேண்டும் என்று சட்டம் வகுத்த அதே நாட்டின் தலைநகருக்கு. ஆண்டு 1943. இட்லரின் இனவெறியை எதிர்த்து உலகம் போரிட்டுக்கொண்டிருந்த காலம். மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், அப்போது பிரிட்டிஷ் தொழிலமைச்சின் நலத்துறை அலுவலராக லிவர்பூலில் பணியாற்றினார். லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டத்தில் ஆடுவதற்காக அவர் இலண்டன் வரவேண்டியிருந்தது. இரசல் சதுக்கத்திலிருந்த இம்பீரியல் விடுதியில் தமக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நான்கு இரவுகளுக்கு இடம் கேட்டார். தாம் கறுப்பினத்தவர் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, அதனால் தடையுண்டா என்றும் கேட்டார். தடையில்லை என்று உறுதி கூறி, முன்பணமும் பெற்றுக்கொண்டனர்.

சூலை 30-ஆம் நாள் குடும்பத்துடன் அவர் வந்து இறங்கியபோது நிலைமை வேறு. ஓர் இரவுக்குமேல் தங்கக்கூடாது என்றனர். ஏன்? விடுதியில் அமெரிக்க வெள்ளையர் தங்கியிருக்கின்றனர், அவர்கள் விரும்பமாட்டார்களாம்! இழிசொல்லும் பேசப்பட்டது. அந்தத் தந்தை வாய்ச்சண்டையில் இறங்கவில்லை. அதே நிறுவனத்தின் வேறொரு விடுதிக்குச் சென்று தங்கினார், ஆட்டத்தையும் ஆடினார், பிறகு வழக்குத் தொடுத்தார்.

1944 சூன் மாதம் நீதிபதி பிர்கெட் தீர்ப்பளித்தார். கான்ஸ்டன்டைன் பக்கமே உண்மை, விடுதி தன் கடமையில் தவறியது என்றார். நிறவெறியைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று அந்நாட்டில் இல்லை. வழிப்போக்கனுக்கு இடங்கொடு என்ற பழஞ்சட்டமே அவருக்குக் கைகொடுத்தது. இழப்பீடு எவ்வளவு? ஐந்து கினி! அதாவது 5 பவுன் 5 சில்லிங். தொகை சிறிது, ஆனால் அந்த வழக்கு மூட்டிய கனல் சிறிதன்று. 1954-இல் அவரே நிறத்தடையைப் பற்றி நூல் எழுதினார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் 1965-இல் பிரிட்டனில் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றலான கான்ஸ்டன்டைன், 1969-இல் பிரபுக்கள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினரானார்.

தோழர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரே குரல் கேட்கவில்லையா? 'எனக்கொன்றும் இல்லை, மற்ற விருந்தினர் விரும்பமாட்டார்கள்' என்பதே அந்தக் குரல். இலண்டனில் அவ்விருந்தினரிடம் கருத்துக் கேட்டுப் பார்த்தா முடிவு செய்தனர்? இல்லை. அவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும் என்ற ஊகமே ஒரு குடும்பத்தை வெளியேற்றப் போதுமானதாயிற்று. உடைமையாளர் விருந்தினரைக் கைகாட்டுகிறார். விருந்தினரோ, 'அது விடுதியின் விதி, நமக்கென்ன?' என்று வாளாவிருக்கிறார். பழி யார் தலையிலும் விழுவதில்லை. அவமானம் மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது!

வெள்ளையரின் நோய் இது என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? முடியாது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1917-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பி, பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பார்சிப் பெயர் சூட்டிக்கொண்டு தங்கினார். பதினொன்றாம் நாள், கைகளில் கம்புகளுடன் பார்சிகள் ஒரு கும்பலாக வந்து வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரிடம் அடைக்கலம் கேட்டார். அந்த நண்பர் தந்த விடை என்ன தெரியுமா? நீங்கள் வந்தால் என் வேலைக்காரர் போய்விடுவர் என்பதுதான்! சரட்டோகாவில் விருந்தினர்; பரோடாவில் வேலைக்காரர். சாக்கு ஒன்றே; ஆள்தான் வேறு. அந்தப் பேரறிஞர் பொதுப்பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு, இரயிலேறிப் பம்பாய் திரும்பினார்.

தமிழகம் மட்டும் தூய்மையாக இருந்ததா? இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரும் நீதிக்கட்சியினரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல், உணவு விடுதிப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் எதற்கு என்று கேட்டுத் திருவல்லிக்கேணியில் பெரியாரின் தொண்டர்கள் அணியணியாக மறியல் செய்து சிறை புகுந்தனர். வெறும் ஒரு சொல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிலர் அன்று நகைத்தனர். அது வெறும் சொல்லன்று. உள்ளே இருப்பவனுக்கு 'நீ உயர்ந்தவன்' என்றும், வாசலில் நிற்பவனுக்கு 'நீ தாழ்ந்தவன்' என்றும் ஒரே மூச்சில் உரைத்த சொல் அது. இட்டிலி எல்லார்க்கும் ஒரே இட்டிலிதான். அந்தப் பலகை விற்றது இட்டிலியை மட்டுமன்று, உயர்வு என்ற மயக்கத்தையும் சேர்த்தே விற்றது.

ஆடம்பர விடுதி விற்பதும் அந்த மயக்கத்தைத்தானே? மெத்தைக்கும் விளக்குக்கும் மட்டும் மக்கள் பெருந்தொகை கொடுப்பதில்லை. கதவுக்கு வெளியே யாரோ நிற்கவேண்டும். நிற்பவர் இல்லையென்றால் உள்ளே இருப்பவர்க்குப் பெருமை இல்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று 1950 முதல் ஆணையிடுகிறது. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் கதவுக்குள் இருக்கும் கண்களைத் திறக்கவில்லை. 2014-இல்கூடச் சென்னையில் வேட்டி கட்டிவந்த ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியை மன்றமொன்று உள்ளே விட மறுத்தது. அதைத் தடுக்க அவ்வாண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. நீதிபதிக்கே இந்நிலை என்றால், குழந்தையைத் தூக்கிவரும் பணிப்பெண்ணுக்கு அந்த மேசையில் எந்த நாற்காலி கிடைக்கும்?

எனவே நாம் கேட்பது உடைமையாளரை மட்டுமன்று, விருந்தினரையும்தான். 'மற்றவர் விரும்பமாட்டார்' என்று சொல்லப்படும்போது, அந்த 'மற்றவர்' யார்? நாமே அன்றோ! நம் பெயரைச் சொல்லித்தான் ஒருவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. 'எங்களுக்கு மறுப்பில்லை, அவருக்கு இடங்கொடு, இல்லையேல் நாங்களும் எழுந்து போகிறோம்' என்று இம்பீரியல் விடுதியின் கூடத்தில் பத்துப் பேர் எழுந்து நின்றிருந்தால், அந்தச் சாக்கு அன்றே செத்திருக்கும், நீதிமன்றம் தேவைப்பட்டிராது.

படித்து, பணியில் அமர்ந்து, நல்ல சட்டை அணிந்து, குளிரூட்டிய கூடங்களில் நுழையும் நிலை இன்று நம் இளைஞர் பலருக்கு வாய்த்திருக்கிறது. மகிழ்ச்சி! அது முன்னோர் பட்ட பாட்டின் பயன். ஆனால் உள்ளே நுழைந்ததும், நமக்குப் பின்னால் வருபவரின் செருப்பை ஏற இறங்கப் பார்க்கும் பழக்கம் நமக்கும் தொற்றிவிடக்கூடாது. கதவுக்குள் புகுந்தவன் கடமை, கதவைப் பின்வருவோர்க்காகத் திறந்து பிடிப்பது. பக்கத்து மேசையில் யார் அமர்ந்தாலும் முகஞ்சுளிக்காத ஒரு தலைமுறை எழட்டும். அன்று, 'மற்ற விருந்தினர் விரும்பமாட்டார்கள்' என்று சொல்ல எந்த விடுதிக்கும் வாய் இராது.