ஒளியும் நிழலும்

நிழற்படம் பொய் சொல்லாது என்பர். முழு உண்மையையும் அது உடனே சொல்லிவிடுவதில்லை என்பதே பொருத்தம். அடங்கிக் கிடப்பதை வெளிக்கொணரும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு, நேயர்களே!

1858-ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அக்காலத்து எதிர்ப்படம் நீல ஒளியை மிகுதியாகப் பற்றும். வானம் வெறும் வெள்ளையாக விழும். ஆதலால் அவர் எதிர்ப்படத்தில் சாயம் தீட்டிச் சில காட்சிகளில் மேகங்களை உண்டாக்கினார். கல்வெட்டு சான்று, மேகமோ ஓவியம். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

இத்தொழிலுக்குக் கணக்கு வகுத்தவர்கள் இங்கிலாந்தில் ஆய்வு செய்த ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் ஆவர். விழும் ஒளிக்கும் படத்தில் எழும் கருமைக்கும் உள்ள உறவை 1890-இல் ஒரு வளைகோட்டால் விளக்கினர். ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990-இல் வெளிவந்தது. அதன் ‘கர்வ்ஸ்’ என்னும் கருவியும் ஒரு வளைகோடே. கருமைக்கு 0, வெண்மைக்கு 255. இடையே 254 படிகள்.

ஓய்வுபெற்றபின் இதனைக் கற்கத் தொடங்கிய எனக்கு, சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரங்களே பாடநூலாயின. வாயிலின் உட்சுவர்களில் நாட்டிய கரணச் சிற்பங்கள் உள்ளன. வெளியே வெயில், உள்ளே இருள். 1936-இல் நாராயணசாமி நாயுடு முதலியோர் வெளியிட்ட ‘தாண்டவ லக்ஷணம்’ என்னும் நூல் இச்சிற்பங்களின் படங்களைத் தாங்கி வந்தது. படத்தைப் பார்த்து ஆடலைப் பயில்வோர்க்கு ஒரு விரலின் வளைவும் பொருளுடையதன்றோ?

இருண்ட பகுதிக்குரிய இடத்தில் வளைகோட்டைச் சற்றே உயர்த்தினால், மறைந்திருந்த கை தெரியும். வெளிச்சப் பகுதியில் ஒரு புள்ளியை நட்டுக் கோட்டை நிலைநிறுத்தினால், வெயில்பட்ட கல் வெளிறாது. கோடு செங்குத்தாகும் இடத்தில் வேறுபாடு தெளியும்; சாயும் இடத்தில் மங்கும். ஓரிடத்துப் பெறுவதை மற்றோரிடத்து இழந்தே பெறுகிறோம். 255-ஐத் தொட்டு முற்றும் வெளுத்த இடத்திலோ மீட்பதற்கு ஒன்றுமில்லை.

எல்லை அங்கேதான் இருக்கிறது. கருவி பதிந்ததை விளக்கலாம், பதியாததைப் படைக்கலாகாது. தேய்ந்த விரலை நாமே தீட்டிவிட்டால், நாளை பயிலும் பிள்ளை நம் கற்பனையைச் சிற்பியின் கை என்று நம்பும். ஆகவே மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, அதன் படியிலேயே திருத்துக. செய்த மாற்றத்தையும் எழுதி வைக்க. பின்வருவோர் இரண்டையும் ஒப்பிட்டு உண்மை காண அதுவே துணையாகும்.