ஆறு புள்ளிகளும் ஒரு கைக்கருவியும்

1974இல் இலங்கையும் இந்தியாவும் பாக்குநீரிணையில் கடல் எல்லையை வகுத்தன. ஒப்பந்தத்தில் இருப்பது ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அகலாங்கு, ஒரு நெட்டாங்கு. அவற்றை இணைத்தால் எல்லைக்கோடு.

ஆனால் வள்ளத்தில் நின்றவருக்கு அந்தக் கோடு எங்க தெரிஞ்சது? கரையில் ஒரு பனையும் கோயில் கோபுரமும் ஒரே நேரில் வந்தால் அதுதான் அவருடைய அடையாளம். கரை மறைந்தால் வெள்ளியும் காற்றும் துணை. எல்லை வந்து பதினைந்து வருசத்துக்குப் பிறகுதான், 1989இல், மகெலன் நாவ் 1000 என்ற கையடக்க ஜிபிஎஸ் சந்தைக்கு வந்தது.

அதிலயும் ஒரு சிக்கல். ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அவர்கள் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். கருவி காட்டும் இடம் நூறு மீற்றர் வரை விலகும். 2000 மே மாதம் கிளின்டன் அரசு அதை நிறுத்தியது. ஒரே இரவில் துல்லியம் பல மடங்கு கூடியது.

இண்டைக்கு வலை போட்ட இடத்தைக் கருவியில் பதிந்து வைத்தால், இருட்டிலயும் அங்கேயே திரும்பிப் போகலாம். எல்லைக்கோடும் திரையில் தெரியும். இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் அள்ளுண்டு போகிறவர்கள் இப்பவும் இருக்கிறார்கள். ஆனால் இரவில் எங்கள் பக்கம் வந்து கடலடியை வழித்துச் செல்லும் இழுவைப்படகுகள் எல்லாம் வழிதவறி வந்தவை என்று இனியும் சொல்ல முடியாது.

கோடு எங்கே என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லிவிட்டது. மீன் யாருக்கு என்ற கேள்வி அதன் திரையில் இல்லை.