பாண்டி பஜாரும் வழியுரிமையும்

சென்னைத் தியாகராய நகரின் நடுவே செல்லும் தியாகராய சாலையை அதன் ஏட்டுப் பெயரால் அழைப்போர் அரியர். பாண்டி பஜார் என்றால் எவரும் அறிவர். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரை ஒட்டி வந்தது அது. அந்நகரின் தெருப்பெயர்களில் நம்மவர் இருவரும் உளர். 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக வீற்றிருந்த சர் முகம்மது உஸ்மான் ஒருவர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற சர் முகம்மது ஹபீபுல்லா மற்றவர். நகை வாங்க உஸ்மான் சாலைக்குச் செல்லும் நம் குடும்பத்தாருள் அவ்வுஸ்மான் எவர் என எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேரோ!

மாம்பலத்து ஏரியை வற்றச் செய்து, 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு எழுப்பப்பட்ட ஊர் இது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்னும் விதி அச்சட்டத்திலேயே இருந்தது. ஆகவே, தெருவை அமைக்குமுன் கருத்துக் கேட்பது நேற்று முளைத்த வழக்கம் அன்று. எவரைக் கேட்பது என்பதே வழக்கு.

2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முதலிடம் தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. பின்னர்ச் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ்ப் பாண்டி பஜாரைத் திருத்தி அமைக்க முற்பட்டபோது கூட்டங்கள் நடைபெற்றன. தடுப்புகளை வைத்து வண்டிகளை விலக்கி ஒத்திகையும் பார்த்தனர். கார் நிறுத்த இடமின்றேல் வாடிக்கை குறையும் எனக் கடைக்காரர்கள் அஞ்சினர். விலக்கப்படும் வண்டிகள் தம் வாசலுக்கே வந்து சேரும் என அக்கம்பக்கத்துத் தெருவினர் கவன்றனர். இரண்டும் நியாயமான அச்சங்களே. முடிவில் வண்டிகள் அடியோடு விலக்கப்படவில்லை; அவற்றின் வழி குறுகியது, நடைபாதை அகன்றது. 2019 நவம்பர் 13 அன்று நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குழந்தைகளைக் கைப்பிடித்துச் செல்லும் தாய்மார்க்கு அது பெரும் ஆறுதல் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இங்கே ஒரு பாடம் நினைவுக்கு வரும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ‘சுல்ஹு’ என்னும் பாடத்தில், தெருக்கள் இருவகையாகப் பிரிக்கப்படுகின்றன. ஒருபுறம் அடைபட்ட முட்டுச்சந்து அங்கே வாசல் உடையவர்களின் கூட்டுரிமை. பிறர் அதில் வாசல் திறக்க அவர்களின் இசைவு வேண்டும். இருபுறமும் திறந்த பெருவழியோ எவருக்கும் தனியுரிமை அன்று. நடந்து செல்வோர் அனைவருக்கும் உரியது. அவர்களுக்கு இடையூறு தரும் எதையும் அதில் எவரும் செய்தல் ஆகாது. இன்னொரு பாடத்தில் இதனினும் நுட்பமான ஒரு சட்டம் வருகிறது. பெருவழியில் இளைப்பாறவோ வாணிகம் செய்யவோ ஒருவர் அமரலாம். நடப்போருக்கு நெருக்கடி தராதவரை ஆட்சியாளரின் அனுமதியும் தேவையில்லை. பாய் போன்றவற்றால் தம் இருக்கைக்கு நிழல் செய்துகொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் திமிஷ்கில் வாழ்ந்த அறிஞர், கூடை வைத்து விற்பவரின் தலைக்கு நிழலையும் சட்டத்தில் சேர்த்துச் சிந்தித்திருக்கிறார்!

பாண்டி பஜார் முட்டுச்சந்து அன்று. அதன் இருமருங்கிலும் கதவுடையவர்களை மட்டும் கேட்டால், பெருவழியை முட்டுச்சந்தாகக் கொண்டதாகும். புறநகர் ரயிலில் மாம்பலம் நிலையத்தில் இறங்கி வரும் பெண்களுக்கும், வளையலும் பூவும் விற்போருக்கும் அங்கே கதவு இல்லை, வழியுரிமை உண்டு.

நடைபாதை வியாபாரிகளின் நிலையைச் சற்று ஆண்டுவாரியாக நோக்குவோம். நீண்ட வழக்குகளுக்குப் பின், 2013-இல் அவர்கள் பாண்டி பஜாரின் நடைபாதையிலிருந்து மாநகராட்சி கட்டிய பல்லடுக்கு வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். நடைபாதையில் செல்பவர் கண்ணில் பட்டதை வாங்குவார்; அதற்கென மாடி ஏறி வருபவர் எத்தனை பேர்? தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இல்தான் வந்தது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என ஆராயும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கப்பட்டு அமர வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நடைபாதை அகன்றது 2019-இல். அகலமான அந்நடைபாதையில் ஒரு கூடைக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், கேள்வி எழுமுன்பே ஆறாண்டுகளாக மாடியில் இருந்தனர்.