விடுமுறை உரிமையும் முதலாம் ஆண்டும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

உழையாத நாளுக்கும் ஊதியம் பெறும் உரிமை, தொழிலாளர் வரலாற்றிற் காலத்தாற் பிந்தியது. பிறநாட்டிற் புதிதாகப் பணியேற்ற ஒருவருக்கு அவ்வுரிமை எப்பொழுது தொடங்குகின்றது என்னும் வினா, அதனினும் பிந்தியே எழுந்தது. கடல் கடந்து வந்தோரை முன்னர் ஏற்றும், தன் மக்களைப் பின்னர்க் கடல் கடந்து அனுப்பியும் வந்த திருகோணமலை, இவ்வினாவை ஆராய்தற்கேற்ற களமாகும்.

1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம், அவர்தம் கடற்படைத் தளமாக வளர்ந்தது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் அத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் அங்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் தொழில் புரிந்தனர். உள்ளூர்த் தொழிலாளிக்கு விடுமுறை என்பது ஓய்வு. இவர்களுக்கோ அது குடும்பத்தைக் காணும் வழி. சில நாள் விடுமுறையின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும்.

1936ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய சமவாயம், ஓராண்டுத் தொடர்ச்சியான சேவையின் பின்னர் ஆறு வேலை நாள்களேனும் ஊதியத்துடன் விடுமுறை அளித்தல் வேண்டுமென்றது. துறைமுகங்களிற் பொருள்களைக் கையாளும் தொழிலும் அதன்கண் அடங்கிற்று. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் இத்துறையில் முக்கியமானவை. பின்னைய சட்டம் ஊழியர் எந்நாட்டில் பிறந்தார் என வினவவில்லை. எம்மாதத்திற் பணியேற்றார் என்றே வினவிற்று. ஆண்டின் முதல் மூன்று மாதங்களுள் சேர்ந்தவர்க்கு அடுத்த ஆண்டில் 14 நாள்களும், அடுத்தடுத்த காலாண்டுகளிற் சேர்ந்தோர்க்கு முறையே 10, 7, 4 நாள்களும் உரியனவாயின. முதலாம் ஆண்டிற் கிடைப்பது, இரண்டு மாதங்களுக்கு ஒரு நாள் வீதமான அமய விடுமுறையே.

விடுமுறை சேவையின் பயன் என்னும் கொள்கையே இவ்வேற்பாடுகளின் அடிப்படை. நாடு மாறியவரை இக்கொள்கை இரட்டிப்பாகப் பாதிக்கின்றது. தாய்நாட்டிற் பல்லாண்டு உழைத்தவரும் புதிய நாட்டில் முதல் நாளினராகவே கணிக்கப்படுகின்றார். வீட்டின் நினைவு மிகுந்திருக்கும் முதலாம் ஆண்டிலேயே அவர்க்கு உரிமை மிகக் குறைவாயுள்ளது. இக்குறையை ஓரளவு உணர்ந்தே 1970ஆம் ஆண்டுச் சமவாயம், தகுதிக்காலம் ஆறு மாதத்தை மிஞ்சலாகாது எனவும், குறைந்த சேவைக்கும் விகிதப்படி விடுமுறை உண்டு எனவும் விதித்தது.

எழுபதுகளின் பின்னர் நிலை தலைகீழாயிற்று. மூதூர், கிண்ணியா முதலிய ஊர்களிலிருந்து பலர், சிறப்பாகப் பெண்கள், மத்திய கிழக்கிற்குப் பயணமாயினர். இவ்வகைப் பெயர்வை ஒழுங்குபடுத்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சவுதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் ஆண்டுக்கு 21 நாள்கள் வழங்கியதெனினும், வீட்டுப் பணியாளரை விலக்கிற்று. அவர்க்கென 2013ஆம் ஆண்டில் வந்த விதிகள், இரண்டாண்டுச் சேவையின் பின்னரே ஒரு மாத விடுமுறையை அளித்தன. கட்டார் நாடு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால், வீட்டுப் பணியாளர்க்கு ஆண்டுக்கு மூன்று வாரம் என வகுத்தது.

எனவே, விடுமுறை நாள்களின் தொகை மட்டும் உரிமையின் அளவுகோல் ஆகாது. அவை எப்பொழுது கிடைக்கின்றன, வீடு சென்று மீளப் போதுமா என்பனவும் நோக்கற்பாலன. அன்று துறைமுகத்தில் வந்திறங்கியவர்க்கும், இன்று அவ்வூரிலிருந்து புறப்படுபவர்க்கும் இவ்வினா ஒன்றே.