கடல் கடந்த விரதம்

1888 செப்டம்பர் 4 அன்று சட்டம் பயில இலண்டனுக்குப் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. அன்னை புத்லிபாய் எளிதில் இசைந்தாரல்லர். குடும்பத்திற்கு நல்லுரை வழங்கிவந்த சமண முனிவர் பேசர்ஜி சுவாமி, மது, மாது, புலால் ஆகியவற்றைத் தீண்டேன் என விரதம் ஏற்கச் செய்த பின்னரே விடை கிடைத்தது. சாதித் தலைவரோ அவரை விலக்கிவைத்து, துறைமுகம் சென்று வழியனுப்புவோர்க்கு ஒன்றேகால் ரூபாய் தண்டமும் விதித்தார்!

கப்பலில் எவ்வுணவில் புலால் இல்லையெனக் கேட்கவும் கூசி, கொண்டுசென்ற இனிப்பும் பழமும் உண்டே நாள் கழித்தார். பிஸ்கே விரிகுடாவை எட்டினால் புலாலின்றி இயலாது என்று ஆங்கிலேயப் பயணி ஒருவர் அன்போடு எச்சரித்தார். அவ்வாறாயின் இந்தியாவுக்கே திரும்புவேன் என்றார் காந்தி. விரிகுடாவும் கடந்தது, விரதம் குலையவில்லை. அப்பயணியிடமே அதற்குச் சான்றிதழும் பெற்றார். புலால் உண்பவர்க்கும் அத்தகைய சான்று கிட்டும் எனப் பின்னர் அறிந்ததும், அதன்மீதிருந்த ஆசை அகன்றது.